ஆரோக்கியம்மாளின் நாலு சட்டி

பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. செத்துப்போன ஒருத்தியும் உயிரோடு இருந்த இரண்டு பெண்களும் ஒரே அறையில் குடியிருந்த கதை இது. செடியில்தான் எல்லாம் தொடங்கியது. நாமும் அங்கிருந்தே போவோம்.

பொம்மிடி ஸ்டேஷனுக்குத் தெற்கே, தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக ஓட்டு வீடுகள். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். முன்னறைக்கு வாசல் வெளிச்சம் உண்டு, சமையல்கட்டுக்குக் கொல்லை வெளிச்சம் உண்டு, நடு அறைக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. ஜன்னல் வைக்க இடமே இல்லை. கூரையில் ஒரே ஒரு ஓட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி பதித்திருந்தார்கள். பகல் பதினோரு மணிக்கு மேல் அதன் வழியாக ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெயில் தரையில் விழும். மேற்குச் சுவர் ஓரம் விழுந்தது மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்து ஒரு மணிக்கெல்லாம் காணாமல் போய்விடும். மற்ற நேரத்தில் அந்த அறைக்குள் போகிறவர் கொஞ்சம் நின்று, கண் பழகின பிறகுதான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

அந்த வரிசையில் மூன்றாவது வீடு சவரியுடையது. ரயில்வேயில், வண்டிக்குத் தடம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை. எண்பத்தைந்தாம் வருஷம் மே மாதத்தில் அவன் பாக்கியமேரியை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு வந்தான். பாக்கியமேரிக்கு அப்பா அம்மா இல்லை. தர்மபுரியில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற போர்டிங்கில் சமையல் செய்துகொண்டிருந்தவள். அனுப்பி வைக்கும்போது அங்கிருந்த மூத்த மதர், "புடிக்கலன்னா திரும்பி வந்துடு. நவம்பர் வரைக்கும் உன் எடத்துல வேற ஆளு போட மாட்டன்" என்று சொல்லியிருந்தார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் திரும்பிப் போக ஒரு கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால், இருக்கிற வீட்டில் கால் முழுசாகப் பதியாது இல்லையா.

அவள் வந்த முதல் நாளே பார்த்தது அந்தச் சட்டிகளைத்தான். நடு அறையின் வடக்கு மூலையில், செங்கல் மேல் போட்ட பலகையில், வரிசையாக நாலு மண் சட்டி. மண் வெடித்துக் காய்ந்து கிடந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு காய்ந்த குச்சி. யாரும் நகர்த்தியதும் இல்லை, கூட்டிப் பெருக்கியதும் இல்லை.

அது சவரியின் முதல் சம்சாரம் ஆரோக்கியம்மாள் வளர்த்தது. மஞ்சள் காமாலை முற்றி எட்டு மாசம் அந்த அறையிலேயே படுத்த படுக்கையாக இருந்தாளாம். வாசலுக்குத் தூக்கிப்போக முடியவில்லை, கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது வேணும் என்று கேட்டாளாம். சவரி ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். படுத்தபடியே கையை நீட்டி இலைகளைத் தடவிக்கொண்டிருப்பாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் இறந்துபோனாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து பார்த்தால் நாலு செடியும் காய்ந்திருந்தன.

இதையெல்லாம் மாமியார் பெரியநாயகம் சொல்லவில்லை. அந்த அம்மாள் எதையும் சொல்கிற ரகம் இல்லை. விடிந்தால் ஜெபமாலை, பொழுது போனால் ஜெபமாலை, நடுவில் "உப்பு சாஸ்தி", "அரிசி கொழஞ்சி போச்சி" என்று இரண்டு வார்த்தை. மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "இந்தா" என்பாள், அவ்வளவுதான்.

பாக்கியமேரிக்கு அந்த அறையில் தூக்கம் வரவில்லை. சத்தம் எதுவும் இல்லை, உருவம் எதுவும் இல்லை. ஆனால் பகலில் துணி எடுக்க உள்ளே போனால்கூட, பேசிக்கொண்டிருந்த ஒருவர் இவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினது போல இருக்கும். பிறத்தியார் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைந்துவிட்டோம் என்று கூச்சமாக இருக்கும். சவரியிடம் சொன்னால், அவன் அந்த மூலைப் பக்கம் திரும்பாமலே, "இருட்டு ரூமு, அப்படித்தான் இருக்கும்" என்றான். அவன் அந்த மூலைக்குப் போவதே இல்லை என்று பிறகுதான் கவனித்தாள்.

ஆனி மாசம் ஒரு மத்தியானம், வெயில் தட்டு தரையில் விழுந்திருந்த நேரம், சட்டிகளுக்கு முன்னால் போய் நின்றாள். வாய்விட்டே சொன்னாள்:

"அக்கா, உங்க சட்டியில நானு செடி வைக்கறன். கல்லறைத் திருநாளு வரைக்கும் ஒண்ணாச்சும் உசுரோட நின்னா, நீங்க என்னை இருக்கச் சொல்றீங்கன்னு எடுத்துக்கறன். ஒண்ணும் நிக்கலன்னா மறுநாளு காலையில மதரம்மாகிட்டயே போயிடறன்."

கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டாம் தேதி. சொல்லிவிட்டு அவள் தகரப் பெட்டியைத் திறந்து, தனக்கென்று இருந்த நல்ல சேலை மூன்றையும் மடித்து வைத்து மூடினாள். அன்றாடம் உடுத்த இரண்டு மட்டும் வெளியே.

அப்படி வாக்குக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். இருபத்தி மூன்று வயசு, கேட்க ஆள் இல்லை. வேறு யாரிடம் போய்க் கேட்பாள்.

முதலில் வைத்தது குரோட்டன்ஸ். கோயில் சுற்றுச்சுவர் ஓரத்தில் சிவப்பும் மஞ்சளுமாக இருந்ததில் நாலு கிளை ஒடித்து வந்து, நாலு சட்டியிலும் நட்டாள். பத்து நாளில் சிவப்பு வெளுத்தது. இருபதாம் நாள் இலை ஒவ்வொன்றாக விழுந்தது. கடைசி இலை விழுந்த அன்று அவள் சாப்பிடவில்லை.

அடுத்த வீட்டில் ஜானகியம்மாள் இருந்தாள். ஸ்டேஷனில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. பிளாட்பாரத்தில் ஐம்பது சட்டி, ஆபீஸ் அறைக்குள் பன்னிரண்டு சட்டி, எல்லாம் அவள் பொறுப்பு. மனுஷர்களைவிடச் செடிகளோடு அதிகம் பேசுகிறவள். பாக்கியமேரி வாக்குக் கொடுத்த விஷயத்தைச் சொல்லாமல், நடு அறையில் செடி நிற்கவில்லை என்று மட்டும் சொன்னாள்.

"கலர் காட்டற செடிய கொண்டும்போயி பொந்துக்குள்ள வெச்சா அது யாருக்குக் காட்டும்?" என்று ஜானகியம்மாள் சிரித்தாள். பிறகு உட்கார வைத்து விவரமாகச் சொன்னாள். பூக்கிற செடி, வண்ண இலைச் செடி எல்லாம் வெயில் கேட்கும். காட்டில் பெரிய மரத்தடியில், ஆற்றோரப் பாறை இடுக்கில் எது தானாக முளைத்துக் கிடக்கிறதோ அதுதான் வீட்டு இருட்டைத் தாங்கும். இலை கரும்பச்சையாக இருக்கணும், இல்லையென்றால் தடித்து இருக்கணும். தண்ணீர்தான் முக்கியம். இருட்டில் இருக்கிற செடி கொஞ்சமாகத்தான் குடிக்கும், வெயில் செடிக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினால் வேர் அழுகிவிடும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. இலையில் தூசி படிந்தால் இருக்கிற துளி வெளிச்சமும் அதற்குப் போகாது, ஈரத் துணியால் துடைத்துவிடு. பத்து நாளைக்கு ஒரு தரம் வெளியே எடுத்து வேப்பமர நிழலில் வை.

"ஆபீஸ் ரூம் சட்டிங்கள நானு அப்படித்தான் மாத்தறன். ஸ்டேஷன் மாஸ்டரே நாளைக்கு நாலு தரம் வெளிய வந்து காத்து வாங்கறாரு. செடி என்ன பாவம் பண்ணிச்சு."

மற்றதெல்லாம் பாக்கியமேரி கேட்டுக்கொண்டாள். வெளியே எடுப்பதை மட்டும் கேட்கவில்லை. அறைக்குள்ளேயே நின்றால்தானே அந்த அக்கா சம்மதித்தாள் என்று அர்த்தம். வெளியே கொண்டுபோனால் ஏமாற்றுகிற மாதிரி ஆகிவிடாதா.

ஜானகியம்மாள் மணி பிளான்ட் கொடி இரண்டும், பெரணி இரண்டும் கொடுத்தாள். பாக்கியமேரி புது மண் போட்டு நட்டு, கண்ணாடி வெயில் விழுகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பலகையை இழுத்துப் போட்டாள். அவள் இழுத்த சத்தம் கேட்டு மாமியார் வாசற்படியில் வந்து நின்று பார்த்தாள். ஜெபமாலையை உருட்டிக்கொண்டே போய்விட்டாள்.

ஒரு மாசம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பெரணியில் சுருண்ட துளிர் இரண்டு விரிந்தது. மணி பிளான்ட் ஒரு கணு நீண்டது. ஆனால் ஒன்று கேளுங்கள், அந்தக் கொடி நீண்டது வெளிச்சத்தைப் பார்த்து இல்லை. பின்னால், மூலை இருட்டைப் பார்த்து, ஆரோக்கியம்மாளின் கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்து நீண்டது. பாக்கியமேரி சட்டியைத் திருப்பி வைத்தாள். பத்து நாளில் நுனி மறுபடியும் வளைந்து அந்தப் பக்கமே போனது. ஜானகியம்மாளிடம் கேட்டதற்கு, ஏறிக்கொள்ள மரம் தேடுகிற கொடி சில சமயம் நிழலைப் பார்த்துப் போகும், அங்கேதான் மரம் இருக்கும் என்று அதற்கு நினைப்பு என்றாள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்த மூலையில் மரம் இல்லை.

ஆவணி பிறந்த பிறகு இன்னொன்று தொடங்கியது. எட்டு நாளைக்கு ஒரு தரம்தான் தண்ணீர் ஊற்றினாள். ஆனால் விரல் விட்டுப் பார்க்கிறபோதெல்லாம் மண் ஈரமாக இருந்தது. நேற்று ஊற்றினது போல அல்ல, இப்போதுதான் யாரோ ஊற்றிவிட்டு எழுந்து போனது போல. அவள் ஊற்றுவதையே நிறுத்திப் பார்த்தாள். பன்னிரண்டு நாள் ஒரு சொட்டு ஊற்றவில்லை. பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் விரல் விட்டாள், மண் குளிர்ந்து நசநசவென்று இருந்தது.

கையை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். செத்தவள் தன் சட்டிக்குத் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்கிறாள், கண்ணுகளா, வேறு எப்படி நினைப்பது. சவரி அந்தப் பக்கமே போகிறவன் இல்லை. மாமியார் செடியைத் திரும்பியும் பார்க்கிறவள் இல்லை. சரி, ஊற்றட்டும், அவள் செடியாக நினைத்தே ஊற்றட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் செடி வாழவும் இல்லையே. பெரணியின் நுனியெல்லாம் நெருப்பில் காட்டினது போலக் கருகிற்று. மணி பிளான்ட் இலையின் ஓரம் பழுப்பாகி உள்ளே உள்ளே தின்றுகொண்டே வந்தது. செப்டம்பரில் ஆரோக்கிய மாதா திருநாள் வருவதற்குள் நாலும் போய்விட்டன.

ஊற்றுகிற கை வாழ வைக்கிற கை இல்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அந்த அறையில் விளக்கைத் தணிக்காமலே படுத்தாள்.

இனி இருந்தது ஒரே ஒரு வழி. ஜானகியம்மாள் தன் அண்ணன் காட்டு வேலியிலிருந்து மருள் பெயர்த்துக்கொண்டு வந்து கொடுத்தாள். கயிறு திரிக்க நார் எடுப்பார்களே, வாள் மாதிரி நீட்டமாக, பாம்புத் தோல் மாதிரி வரி வரியாக, அந்த மருள். "இது செத்துச்சின்னா எங்கிட்ட வராத. இருட்டு, வறட்சி, மாடு மிதிக்கறது, எல்லாத்தையும் தாங்கும். மாசத்துக்கு ரெண்டு தரம் தண்ணி காட்டுனா போதும். மறந்து போயிட்டா இன்னும் நல்லது" என்றாள்.

புரட்டாசி முழுக்க மருள் அசையாமல் நின்றது. வளரவும் இல்லை, வாடவும் இல்லை. மண் மட்டும் அதே ஈரம். பாக்கியமேரி தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து இலையைத் துடைப்பாள், துடைக்கும்போதே நாளை எண்ணுவாள். ஐப்பசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு இலை சாய்ந்திருந்தது. அடியில் விரல் வைத்து அழுத்தினாள். வெந்த கத்தரிக்காய் மாதிரி உள்ளே போனது.

அதற்குப் பிறகு அவள் அந்த இலைகளைத் தொடவே இல்லை. தொட்டால் அடுத்ததும் விழுந்துவிடும் என்று பயம்.

கல்லறைத் திருநாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஜானகியம்மாளே வந்தாள், மருள் எப்படி இருக்கிறது என்று கேட்க. பாக்கியமேரி அழுதுவிட்டாள். வாக்குக் கொடுத்தது, மண் தானாக நனைவது, எல்லாவற்றையும் சொன்னாள். ஜானகியம்மாள் நடு அறைக்குள் போய் ஒரு சட்டியைத் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்தாள். அந்தச் சட்டிகள் அறையை விட்டு வெளியே வந்தது அன்றுதான்.

வெயிலில் பார்த்தால் சட்டி வெளியே எல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. விளிம்பில் கட்டி கட்டியாக. இருட்டில் இவள் அதைப் பூஞ்சை என்று நினைத்திருந்தாள். ஜானகியம்மாள் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"உப்பு."

பாக்கியமேரியும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"பேயி உப்புத் தண்ணி ஊத்தாது, பாக்கியம்" என்று ஜானகியம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பேய்க்கு உப்பே ஆவாதுன்னு சொல்லுவாங்க. இது கை உள்ள ஆளு செய்யற வேலை. உன்ன இந்த வூட்டுல இருக்க வுடக் கூடாதுன்னு நெனைக்கற ஆளு. வூட்டுல இருக்கறதே மூணு பேரு, நானு சொல்லித்தான் தெரியணுமா?"

பாருங்கள், செத்தவளுக்குப் பயந்திருந்த வரைக்கும் பாக்கியமேரிக்கு ஒரு விதமான மரியாதை இருந்தது. உயிரோடு இருக்கிறவள் செய்கிறாள் என்று கேட்டதும் அதுவும் போயிற்று. ஐந்து மாசமாக ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு, வாய் திறக்காமல் இருந்துகொண்டே இந்தக் கிழவி என் வேரை அறுத்தாளா என்று நினைத்தாள். இனிமேல் கல்லறைத் திருநாள் வரைக்கும் காத்திருப்பதுகூட வீண் என்று தோன்றியது. ஆனாலும் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தாள்.

தினம் மூன்று மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அந்த ஒரு மணி நேரம்தான் அவள் வீட்டில் இருக்க மாட்டாள். மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு வழக்கம் போலக் கிளம்பி, குடத்தை ஜானகியம்மாள் வீட்டில் வைத்துவிட்டு, முன்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் திரும்பி வந்தாள். நடு அறையில் அடுக்கியிருந்த பெட்டிகளுக்கும் சுருட்டி வைத்த பாய்க்கும் நடுவே போய்க் குந்திக்கொண்டாள். கண் பழகும் வரை ஒன்றும் தெரியவில்லை. தன் மூச்சே பக்கத்தில் யாரோ விடுவது போலக் கேட்டது.

சமையல்கட்டுப் பக்கத்திலிருந்து வெள்ளையாக ஒன்று உள்ளே வந்தது. கால் சத்தம் இல்லை. சட்டிகளின் முன்னால் வந்து நின்று, மெதுவாகக் குனிந்தது. பாக்கியமேரி கண்ணை மூடிக்கொண்டாள். ஆளைப் பிடிக்க வந்தவளுக்கு அந்த ஒரு நிமிஷம் ஆரோக்கியம்மாள்தான் வந்திருக்கிறாள் என்றே தோன்றியது, ஓடவும் முடியவில்லை. பிறகு முழங்கால் எலும்பு சொடுக்கும் சத்தம் கேட்டது. மாமியாரின் முழங்கால். மாமியாரின் வெள்ளைச் சேலை.

பெரியநாயகம் கையில் ஒரு டம்ளர் இருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு சட்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஊற்றும்போது சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மூலையைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். இத்தனை வார்த்தை அந்த வாயில் இருக்கிறது என்று பாக்கியமேரிக்கு அன்றுதான் தெரியும்.

"ஆரோக்கியம். செடிக்கு நானு தண்ணி ஊத்திக்கறன்னு உங்கிட்ட சொல்லிட்டு, நீ போன முப்பது நாளும் நானு இந்தப் பக்கம் வரல. என்னால வர முடியல. அதுக்குக் கோவம்னா எம்மேல காட்டு, நானு வாங்கிக்கறன். இந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு உன்ன? சட்டிகிட்ட நின்னு இது பேசினத நானும் கேட்டன். ஒண்ணு நின்னாத்தான் இருப்பன்னு சொல்லிட்டுச்சி. இதுவும் போயிட்டா இந்த வூட்ல என்ன இருக்குது, சொல்லு. அந்தோணியாரு கோயிலு உப்பு, வாரா வாரம் போயி எடுத்தாந்து கரைச்சி ஊத்தறன். இத வுட்டுடு, தாயி. இந்தச் செடிய நிக்க வுடு."

நம் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை, அந்தோணியாருக்குக் குகை மாதிரிக் கட்டியிருக்கிற கெபியில் உப்பும் மிளகும் காணிக்கை வைப்பார்கள். அந்த உப்பில் ஒரு பிடி வீட்டுக்கு எடுத்து வந்து தண்ணீரில் கரைத்து, பயமாக இருக்கிற இடத்தில் தெளிப்பார்கள். தெளிப்பதுதான் வழக்கம். இந்த அம்மாள் பயம் அதிகமாக அதிகமாகத் தெளிப்பது போதாது என்று ஊற்றியிருக்கிறாள். செடி வாடினது, இன்னும் ஒரு பிடி சேர்த்துக் கரைத்திருக்கிறாள். இன்னும் வாடினது, இன்னும் ஒரு பிடி.

"அத்தை" என்று கூப்பிட்டாள் பாக்கியமேரி.

டம்ளர் கீழே விழுந்து உருண்டது. பெரியநாயகம் திரும்பவில்லை. மூலையைப் பார்த்தபடியே, "வந்துட்டியா" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

பாக்கியமேரி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, உப்பு என்ன செய்யும் என்பதைச் சொன்னாள். கோபமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தவள், கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். கிழவி நம்ப மாட்டேன் என்றாள். அந்தோணியார் உப்பு எப்படிக் கொல்லும் என்றாள். அதற்குள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்ட ஜானகியம்மாள் வாசற்படியில் நின்று, "செடிக்கு அந்தோணியாரு உப்பும் ஒண்ணுதான், கருவாட்டு உப்பும் ஒண்ணுதான் ஆயா" என்றாள். முந்தின நாள் தான் சொன்ன பழியை நினைத்து, அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெரியநாயகம் உருண்டு கிடந்த டம்ளரை எடுத்து வைத்தாள். பிறகு சட்டியைத் தொட்டுக்கொண்டே, "நானு ஊத்தினதுதான் கொன்னுச்சின்னே வெச்சிக்க. நீ எவ்வளவு பாடுபட்ட. நேத்துகூட ஒவ்வொரு எலையா கண்ணாடி மாதிரி தொடச்சி வெச்சிருந்தியே. இன்னிக்கும் பாரு, ஈரம்கூட காயல" என்றாள்.

பாக்கியமேரி இலையைப் பார்த்தாள். சாய்ந்து அழுகிக்கொண்டிருந்த மருளின் ஒவ்வொரு இலையும் மேலிருந்து கீழ் வரை துடைத்திருந்தது. கூரையிலிருந்து கரித்தூசி கொட்டுகிற அறை அது. ரயில் ஒன்று போனால் பலகை மேல் விரலால் கோடு போடலாம்.

"நானு தொட்டு நாலு நாளாச்சி அத்தை" என்றாள்.

மாமியார் மருமகளைப் பார்த்தாள். மருமகள் மாமியாரைப் பார்த்தாள். ஜானகியம்மாள் வாசற்படியிலிருந்து ஒரு அடி பின்னால் போனாள். யாரும் மூலையைப் பார்க்கவில்லை.

மிச்சம் இருந்த ஐந்து நாளில் ஒன்றும் காப்பாற்ற முடியவில்லை. ஜானகியம்மாள் நாலு சட்டியையும் கவிழ்த்துப் பார்த்தாள், வேரெல்லாம் கூழாகியிருந்தது. நல்லதாக இருந்த இரண்டு இலைத்துண்டை வெட்டித் தன் வீட்டில் ஈர மணலில் குத்தி வைத்தாள். அது வேர் பிடிக்கப் பொங்கலாவது ஆகும், அதுவும் நிச்சயம் இல்லை என்றாள். கல்லறைத் திருநாள் அன்று சவரி, அம்மா, பாக்கியமேரி மூன்று பேரும் போய் ஆரோக்கியம்மாளின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றினார்கள். பாக்கியமேரி எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. காற்றில் ஆடி ஆடி எரிந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள். வாக்குப்படி ஒரு செடியும் நிற்கவில்லை. அன்று அந்த அறையில் பச்சையாக எதுவுமே இல்லை.

மறுநாள் காலை மொரப்பூர் போகிற பாசஞ்சர் எட்டு மணிக்கு. மொரப்பூரில் இறங்கித் தர்மபுரிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். தகரப் பெட்டி ஆனி மாசத்திலிருந்து கட்டி வைத்தபடியே இருந்தது. சவரி ஆறு மணிக்கே டியூட்டிக்குப் போய்விட்டான். அவளை ஏற்றிப் போகிற வண்டிக்கு அவன்தான் பாயிண்ட் மாற்றிக் கொடுக்க வேண்டும், பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஏழரை மணிக்குப் பெரியநாயகம் கொல்லையில் உட்கார்ந்து, நாலு சட்டியையும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உப்பு லேசில் போகவில்லை. வாளியில் முக்கித் தேய்க்க வேண்டும், காயவிட்டால் மறுபடியும் வெள்ளை பூக்கும், மறுபடியும் முக்க வேண்டும். பாக்கியமேரி வந்து எதிரே உட்கார்ந்து இரண்டாவது சட்டியை எடுத்துக்கொண்டாள். எட்டு மணிக்கு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கிழவியின் கை நின்றது. பாக்கியமேரியின் கை நிற்கவில்லை. வண்டி ஊதிவிட்டுக் கிளம்பி, பாலத்தைத் தாண்டி, சத்தம் அடங்கிற்று.

"நீ போகலயா?" என்று பெரியநாயகம் சட்டியைப் பார்த்தபடி கேட்டாள். "ஒரு செடியும் தங்கலயே, பாக்கியம்."

மாமியார் வாயில் அவள் பெயர் முதல் தடவையாக அப்போதுதான் வந்தது.

"செடி தங்கலன்னா என்ன அத்தை. நாந்தான் தப்பாக் கேட்டுட்டன். இருக்கவான்னு கேட்டிருக்கணும். செடிய வெச்சிச் சீட்டு எடுத்த மாதிரி கேட்டன். இப்ப நானே சொல்றன், நானு இருக்கறன்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "அவங்களும் இருக்கட்டும். இவ்வளவு நாளா அவங்களத் தொரத்தத்தானே உப்பு ஊத்தனோம். பாவம், அவங்க எலைய மட்டும்தான் தொடச்சிருக்காங்க" என்றாள்.

பெரியநாயகம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கழுவின சட்டிகளை வெயிலில் கவிழ்த்து வைத்தார்கள். புது மண் சலித்துக் காயப்போட்டார்கள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது கிழவி, கொல்லை வாசலில் நின்றபடியே, இருட்டாகத் தெரிந்த நடு அறையைப் பார்த்து, அடுத்த அறையில் வேலையாக இருக்கிற ஒருத்தியிடம் சொல்வது போல, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"கொஞ்சம் பொறு ஆரோக்கியம். மண்ணு காயட்டும்."

உள்ளேயிருந்து பதில் எதுவும் வரவில்லை. ஆனால் ஒரு பதில் வந்து முடிகிற அளவு நேரம் இரண்டு பேரும் பேசாமல் நின்றார்கள். பிறகு பாக்கியமேரி அடுப்பு மூட்டப் போனாள்.